டிசைன் நிறுவனத்தின் சொந்த அலுவலகம்: முதலில் வெளிச்சம்

புது அலுவலகம் என்றதும் கவனமெல்லாம் ரிசப்ஷனுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் போய்விடுகிறது. டிசைன் வேலையை உண்மையில் கெடுப்பது தவறான வெளிச்சம்தான்.

வண்ணம் பார்க்கும் மேசைக்கு மேல் 5000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறச்சாயலைச் சொல்லும் அளவு), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு, உச்சம் 100) 90-க்கு மேற்பட்ட எல்இடி விளக்குகளைப் போடுங்கள். வார்ம் ஒயிட்டையும் கூல் ஒயிட்டையும் கலந்து மாட்டினால் ஒரே லேமினேட் (பலகை மேல் ஒட்டும் அலங்காரத் தகடு) சாம்பிள் இரண்டு மேசைகளில் இரண்டு நிறமாகத் தெரியும். கிளையன்ட் ஒப்புக்கொண்ட நிறம் சைட்டில் மாறிவிட்டது என்று சண்டை வருவது பெரும்பாலும் இதனால்தான். அந்த மேசையைச் சுற்றி அடர்நிறச் சுவரும் வேண்டாம், அதன் சாயல் சாம்பிள் மேல் விழும். மேட் வெள்ளையோ வெளிர் சாம்பலோ போதும்.

மானிட்டர்களை ஜன்னலுக்குப் பக்கவாட்டாகத் திருப்பி வையுங்கள். ஜன்னல் முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் பிரதிபலிக்கும், எதிரே இருந்தால் கண் கூசும். வடக்கு ஜன்னல் நல்லது. ஆனால் சென்னையில் மே முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவேளையில் சூரியன் வடக்கே சாய்ந்து நிற்பதால் அங்கும் சன்ஷேடு தேவை.

மேசைகளின் இடம் முடிவானதும், டைல்ஸ் ஒட்டும் முன்பே பைப் பதியுங்கள். கரண்டுக்கும் நெட்வொர்க்குக்கும் தனித்தனிக் குழாய். ஆட்கள் பெருகும் நிறுவனம் என்பதால் மேசை வரிசைக்கு ஒரு காலிக் குழாய், உள்ளே இழுகம்பியோடு (பின்னால் வயரை இழுக்க உதவும் கம்பி).