பழைய மதில் காட்டும் சைக்கிள் பாதை

சைக்கிள் ஓட்டத் தெரியும், ஆனால் நகரத்துக்குள் நீண்ட தூரம் போனதில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு காலை நேரத்தில், பெரிய மேடு எதுவும் ஏறாமல், நகரத்தின் பழைய சின்னங்களைப் பார்த்துவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே திரும்பும் ஒரு வட்டப் பாதையை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

பலர் முதலில் செய்வது, பார்க்க வேண்டிய பத்து இடங்களைக் குறித்துக்கொண்டு அவற்றைக் கோடு போட்டு இணைப்பது. அப்படிப் போட்டால் பாதை கோணல்மாணலாக வரும், ஒரே பெரிய சாலையை நாலைந்து முறை குறுக்கே கடக்க நேரும். நான் இடங்களை விட்டுவிட்டு முதலில் மதிலைத் தேடுவேன்.

1. மதில் இருந்த வழியைக் கண்டுபிடியுங்கள்

பழைய நகரங்கள் பலவற்றைச் சுற்றி ஒரு மதில் இருந்தது. வாசல், காவல் கோபுரம், சந்தை எல்லாம் அதை ஒட்டியே வளர்ந்தன. மதிலை இடித்த பிறகும் அந்த நிலப்பட்டை பல ஊர்களில் சாலையாகவோ பூங்காவாகவோ மிஞ்சியது. ஆஸ்திரியாவின் வியன்னாவில் 1857-ல் பேரரசர் பிரான்ஸ் ஜோசப் மதிலை அகற்ற ஆணையிட்டார். 1865-ல் அங்கே திறக்கப்பட்ட ரிங்ஸ்ட்ராஸ சாலையில்தான் இன்று நாடாளுமன்றமும் ஓபரா அரங்கமும் நிற்கின்றன. போலந்தின் கிராக்கோவில் மதில் இருந்த இடம் பிளான்டி என்ற வளையப் பூங்கா. இத்தாலியின் லூக்காவில் மதில் அப்படியே இருக்கிறது, அதன் மேலேயே மர நிழலில் நாலு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாகச் சுற்றி வரலாம். சீனாவின் சியான் நகரில் மிங் அரச வம்ச காலத்து மதில் மேல் வாடகை சைக்கிளே கிடைக்கும், அது ஏறத்தாழ 14 கிலோமீட்டர்.

உங்கள் நகரத்தில் மதிலே கண்ணில் படவில்லையா? வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நேரான தெருக்களுக்கு நடுவே ஒரு சாலை மட்டும் வளைந்து போகும், அல்லது ஒரு பூங்கா ஒல்லியாக நீளும். பெயர்களையும் கவனியுங்கள். வியன்னாவில் ஷாட்டன்டோர், ஸ்டூபன்டோர் என்ற ரயில் நிலையங்கள் உண்டு. ‘டோர்’ என்றால் வாசல். வாசல்கள் போய்விட்டன, பெயர் நிற்கிறது. இங்கிலாந்தின் யார்க்கில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். அங்கே ‘கேட்’ என்று முடியும் பெயர்களில் பெரும்பாலானவை தெருக்கள், மதிலின் வாசலுக்குப் பெயர் ‘பார்’.

மதிலே இல்லாத நகரம் என்றால் ஆறு கைகொடுக்கும். ஒரு பாலத்தில் ஏறி எதிர்க்கரைக்குப் போய், அடுத்த பாலத்தில் திரும்புங்கள். கரையோரம் பெரும்பாலும் சமதரை.

2. தூரம்

முதல் முறைக்கு 10 முதல் 15 கிலோமீட்டர் போதும். சிக்னல், நிறுத்தம் எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். மதில் வட்டம் நாலைந்து கிலோமீட்டர்தான் என்றால் இரண்டு சுற்றுப் போங்கள். முதல் சுற்றில் எங்கும் நிற்காமல் சாலையைப் பழகுங்கள், சின்னங்களை இரண்டாவது சுற்றில் பார்க்கலாம். எனக்கு இந்த முறைதான் மிகவும் பிடித்தது.

3. எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

பாதை எவ்வளவு எளிதாக இருக்கும் என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானிப்பது இதுதான். இடது பக்கம் வண்டி ஓட்டும் நாடு என்றால் இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். அப்போது பெரிய திருப்பங்கள் எல்லாம் இடது பக்கமே வரும், எதிரே வரும் வண்டிகளைக் கடந்து திரும்ப வேண்டியதில்லை. பழைய நகரமும் உங்கள் இடக்கைப் பக்கமே இருப்பதால், பிடித்த இடத்தில் அப்படியே ஓரம் கட்டி இறங்கலாம். வலது பக்கம் ஓட்டும் நாடுகளில் இதே காரணத்துக்காக வலஞ்சுழி.

ஒரு எச்சரிக்கை: உள்நகரத் தெருக்களுக்குள் திரும்பும் வண்டிகள் உங்கள் முன்னால் வெட்டும். ஒவ்வொரு தெரு முனையிலும் ஒரு முறை பின்னால் திரும்பிப் பாருங்கள்.

4. பாதையைச் சரிபாருங்கள்

வரைபடச் செயலியில் சைக்கிளுக்கான வழியைத் தேர்ந்தெடுங்கள். ஒருமுறை நான் நடைவழியை வைத்துப் பாதை போட்டுவிட்டேன். அது நேராகக் கொண்டுபோய் ஒரு நீண்ட கல் படிக்கட்டில் நிறுத்தியது, சைக்கிளைத் தோளில் தூக்கித்தான் ஏறினேன். தன்னார்வலர்கள் சேர்ந்து 2004 முதல் உருவாக்கிவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் படிக்கட்டும் பல தெருக்களின் தரை வகையும் குறிக்கப்பட்டிருக்கும். ஒருவழிப்பாதைகளையும் பாருங்கள். மலைக்கோட்டை இருந்தால் இந்த முறை அதைக் கீழிருந்து பார்ப்பதே போதும்.

நாள்? ஞாயிறு அதிகாலை. சில நகரங்கள் அன்று சாலையையே சைக்கிளுக்கு விட்டுவிடுகின்றன. கொலம்பியாவின் பொகோட்டாவில் 1974-ல் தொடங்கிய இந்த வழக்கத்தில் இன்று ஞாயிறுதோறும் நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலைகள் திறந்துவிடப்படுகின்றன.

5. சைக்கிள்

பெடல் கீழே இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் சரியான சீட் உயரம். இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பாருங்கள். எவ்வளவு காற்று அடிக்கலாம் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சிட்டிருக்கும். ஹெல்மெட், தண்ணீர், மாற்று ட்யூப், சின்ன பம்ப், பூட்டு இவ்வளவும் போதும்.

6. கல் பாவிய தெருவும் டிராம் தண்டவாளமும்

பழைய நகரங்களில் புதியவர்கள் விழுவது இந்த இரண்டில்தான். கல் தெருவில் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு அதிர்வும் தோளுக்கு ஏறும். கையைத் தளர்த்தி, முழங்கையைச் சற்று மடக்கி, பெடலை நிறுத்தாமல் மிதியுங்கள். டயரில் அச்சிட்ட அளவுக்குள்ளேயே காற்றைச் சற்றுக் குறைத்து வைத்தால் இன்னும் இதம். ஈரமான கல்லில் வளையும்போது பிரேக் போடாதீர்கள்.

டிராம் தண்டவாளத்தின் பள்ளம் ஒல்லி டயரை அப்படியே விழுங்கிவிடும். அதைச் சாய்வாகக் கடக்கவே கூடாது. முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, பின்னால் பார்த்துவிட்டு, தண்டவாளத்துக்குக் குறுக்காக, கூடியவரை செங்கோணத்தில் கடந்துவிடுங்கள். மழை நாளில் சந்தேகமாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அப்புறம், நிறுத்தி வைத்த கார்களை உரசிக்கொண்டு ஓட்டாதீர்கள். கதவு திடீரென்று திறக்கும், ஒரு மீட்டருக்கு மேல் தள்ளியே போங்கள்.

7. வாசலில் நில்லுங்கள்

பூட்டும்போது சைக்கிளின் சட்டத்தையும் ஒரு சக்கரத்தையும் சேர்த்து, நினைவுச்சின்னத்தின் கம்பியில் அல்லாமல் சைக்கிள் நிறுத்தத்தில் பூட்டுங்கள். அப்புறம் வாசல் வளைவின் உச்சியைப் பார்ப்பதற்கு முன்னால் அடியைப் பாருங்கள். ஐரோப்பிய நகரங்களில் பல இடங்களில் மூலையில் ஒரு குட்டைக் கல் சாய்ந்து நிற்கும். வண்டிச் சக்கரமும் அச்சும் சுவரைத் தேய்க்காமல் இருக்க நட்ட கல் அது. தொட்டுப் பாருங்கள், சுவருக்குப் பதிலாகத் தேய்ந்த பக்கம் கைக்கு வழவழப்பாக இருக்கும். சக்கரத்தில் வந்திருப்பதால் அந்தக் கல் நமக்கும் வைத்ததுதான்.