குடம்புளி வைக்கப் போகிறீர்களா? ஒட்டுக்கன்றாகப் பார்த்து வாங்குங்கள்

மீன்குழம்பில் கருப்பாகச் சுருண்டு கிடக்குமே, அந்தக் குடம்புளி மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் தானாக வளரும் மரம். கேரளத்தில் தென்னை, பாக்குத் தோப்புகளுக்கு நடுவே வைப்பார்கள், கன்னியாகுமரிப் பக்கமும் நன்றாக வருகிறது. காய்ந்த சமவெளியில் தண்ணீர் வசதி இல்லாதவர்கள் இதற்கு ஆசைப்பட வேண்டாம்.

கன்று வாங்குவதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதையில் வந்த கன்றுகளில் பாதிக்கு மேல் ஆணாகப் போய்விடும், அதுவும் பூக்கிற வரைக்கும் தெரியாது, விதைக்கன்று காய்ப்புக்கு வர 10, 12 வருடம் ஆகும் என்பதால் அத்தனை வருடம் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கடைசியில் வெட்டத்தான் வேண்டியிருக்கும். பெண் மரத்துக் குச்சியை விதைக்கன்றின் மேல் ஒட்டி வளர்த்த ஒட்டுக்கன்று 3ஆம் வருடமே காய்க்கத் தொடங்கும். கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் அம்ருதம், ஹரிதம் ரகங்கள் கிடைத்தால் நல்லது. சுற்றுவட்டாரத்தில் வேறு குடம்புளியே இல்லையென்றால் மகரந்தத்துக்காக ஓர் ஆண் மரத்தையும் ஓரமாக வைத்துவிடுங்கள்.

மழை பிடிக்கும்போது நடுங்கள். ஒட்டுக்கன்றுக்கு 4 மீட்டர் இடைவெளி போதும், விதைக்கன்று என்றால் 7 மீட்டர் விட வேண்டும். குழியில் மேல்மண்ணும் தொழுஉரமும் கலந்து போட்டு, ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்குள் புதையாமல் நட்டு, குச்சி ஊன்றிக் கட்டுங்கள். முதல் கோடையில் கொஞ்சம் நிழலும், வேரடியில் இலைதழை பரப்பிய மூடாக்கும் தேவை. ஒட்டுக்குக் கீழே துளிர்க்கிற எதையும் உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் அதுதான் மரமாகும், ஒட்டு செத்துப்போகும். தொழுஉரம் முதல் வருடம் 10 கிலோ, அப்புறம் வருடாவருடம் கூட்டிக்கொண்டே போய், வளர்ந்த மரத்துக்கு 50 கிலோ.

ஜனவரி முதல் மார்ச் வரை பூக்கும், பழம் ஜூலை வாக்கில். மஞ்சளாகப் பழுத்து உதிர்வதைப் பொறுக்கி, கழுவி, விதையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் காயவைக்க வேண்டும். ஆனால் அது நல்ல மழைக்காலம், வெயிலை நம்ப முடியாது. அதனால்தான் அடுப்புக்கு மேலே பரண் கட்டிப் புகையில் உலர்த்துகிறார்கள், அந்தக் கருப்பு நிறமும் மணமும் அதில் வந்ததுதான். காய்ந்த தோல் 1 கிலோவுக்கு 150 கிராம் உப்பும் 50 மில்லி தேங்காய் எண்ணெயும் பிசறி வைத்தால் பூஞ்சை பிடிக்காது.

குழம்புக்கு இரண்டு மூன்று துண்டைக் கழுவி வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரோடு மண்சட்டியில் சேருங்கள், மறுநாள் இன்னும் ருசி. இதே தோலின் சாரத்தை உடம்பு இளைக்க மாத்திரையாக விற்கிறார்கள். எடை பெரிதாகக் குறைந்ததாக நிரூபணம் இல்லை, கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு, அந்தப் பக்கமே போகாதீர்கள்.