பாசியும் பாறையும் ஒரே சாம்பல் ஆகும்போது

எஸ்தோனியாவின் வடகரையில், லாஹெமா தேசியப் பூங்காவுக்குள் கேஸ்மு என்றொரு கடலோரக் கிராமம் இருக்கிறது. அதை ஒட்டிய பைன் காட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைகள்தான். முழங்கால் உயரத்தில் சில, ஆள் உயரத்தில் சில என்று யாரோ வண்டி வண்டியாகக் கொட்டிவிட்டுப் போனதுபோலக் கிடக்கும். கொட்டியது பனி. கடைசிப் பனியுகத்தில் பின்லாந்துப் பக்கமிருந்து பனிப்பாளம் இழுத்துவந்து, உருகும்போது விட்டுச்சென்ற கருங்கற்கள் இவை. கறுப்பு வெள்ளைக்கென்றே அமைந்த காடு என்று ஆசையோடு கேமராவை எடுப்போம். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் முழுக்கச் சாம்பல் கூழாக இருக்கும்.

காரணம், நாம் கண்ணை நம்பியதுதான். பாறையின் மேல் பச்சைக் கம்பளமாகப் பாசி. அதன் விளிம்பில் இளஞ்சிவப்பு கலந்த கருங்கல். நேரில் இரண்டும் பளிச்சென்று பிரிந்து தெரிகின்றன. ஆனால் பிரித்துக் காட்டுவது நிறம் மட்டுமே. வெளிச்ச அளவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நிறத்தை எடுத்துவிட்டால் பாசி எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்பதே தெரியாது. எனவே கேமராவின் திரையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிக்கொண்டு, கோப்பை மட்டும் ரா (RAW) வடிவில், அதாவது கேமரா பதிந்த தகவல் முழுவதும் அப்படியே இருக்கும்படி, சேமியுங்கள். திரையில் உண்மை தெரியும், நிறத் தகவலும் கையில் இருக்கும். கறுப்பு வெள்ளை ஜேபெக் மட்டும் எடுப்பவர்கள் பிறகு பாசியைத் தனியாக வெளிறவைக்கவோ கறுக்கவைக்கவோ வழியில்லாமல் நிற்பார்கள்.

அடுத்தது சிவப்பு ஃபில்டர் மோகம். லென்ஸின் முன் மாட்டும் நிறக் கண்ணாடி இது; தன் நிறத்தை வெளிறவைத்து, எதிர் நிறங்களைக் கறுக்கவைக்கும். நீல வானத்தைக் கறுக்கவைத்து மேகத்தைத் தூக்கிக் காட்டுவதில் அதற்கு ஈடில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் காட்டில் வானம் எங்கே இருக்கிறது? சிவப்பு ஃபில்டர் போட்டால் பாசியும் புளூபெர்ரிச் செடிகளும் கரியாகிவிடும். நிழலில் விழும் வெளிச்சம் நீலம் கலந்தது என்பதால் நிழல்களும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். போதாததற்கு மூன்று ஸ்டாப் வெளிச்சம் போய்விடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). மஞ்சள் கலந்த பச்சை ஃபில்டரைப் போட்டுப் பாருங்கள்: பாசி உள்ளிருந்து ஒளிர்வதுபோல் எழும்பும், கல் அடங்கும். மாறாகக் கல்தான் முதன்மை என்றால் ஆரஞ்சு போதும். அதில் கல்லின் இளஞ்சிவப்புப் படிகங்கள் வெளிறும். பைன் மரத்தின் மேற்பகுதிப் பட்டை செம்மை நிறமானது என்பதால் அதுவும் பளபளக்கும். டிஜிட்டலில் இதே வேலையை நிறவாரியான ஸ்லைடர்களில் செய்யலாம். அளவோடு நகர்த்துங்கள், எல்லை வரை தள்ளினால் மரக் கிளைகளைச் சுற்றி வெள்ளைக் கோடும், நிழலில் புள்ளிகளும் கிளம்பும்.

நல்ல வெயில் அடிக்கும் நாளில் கிளம்புவதும் தவறு. கோடை நண்பகலில் இலைகளுக்கிடையே விழும் வெயில் திட்டுகள் பாறையின் உருவத்தையே துண்டுபோட்டுவிடும். நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துக் கொட்டியதுபோல் வெள்ளைப் பொட்டுகள். மேகமூட்டம் நல்லது, கடலிலிருந்து மூடுபனி ஏறிவரும் காலை அதைவிட நல்லது: பின்னாலுள்ள மரங்கள் வெளிறி ஒதுங்க, முன்னாலுள்ள பாறை தனித்து நிற்கும். வெயில்தான் வேண்டும் என்றால் டிசம்பரில் போங்கள். அங்கே அப்போது நண்பகலிலும் சூரியன் அடிவானத்துக்கு மேல் ஏழு பாகைதான் ஏறும். பக்கவாட்டில் வரும் அந்த வெளிச்சத்தில் ஒவ்வொரு கல்லும் திரண்டு தெரியும். பனி படர்ந்திருந்தால் கேமராவின் ஒளி மீட்டர் சொல்வதைவிட ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். இல்லையென்றால் வெண்பனி சிமென்ட் தரையாகிவிடும்.

மழை விட்டதும் எடுக்கும்போது, பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டரான போலரைசரை மறப்பவர்கள் ஏராளம். வானத்து வெள்ளொளி ஈரக் கல்லிலும் இலையிலும் பட்டுத் தெறிக்கிறது. கறுப்பு வெள்ளையில் அது வெறும் அழுக்குத் தீற்றலாகத் தெரியும். போலரைசரைத் திருப்பத் திருப்ப, கல் மை போலக் கறுத்து, அதன்மேல் ஒட்டிய வெளிர் லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி) வட்டங்கள் மட்டும் எஞ்சும். இதைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை நனையலாம்.

அகல லென்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காடு முழுவதும் அடங்கும், பாறைகள் கூழாங்கல்லாகிவிடும், மேலே கிளைகளுக்கிடையே வானம் வெள்ளை ஓட்டைகளாகக் குத்தும். 50 மிமீ போட்டு, கேமராவைச் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்தால் பாதித் தொல்லை தீரும்.

ட்ரைபாடைப் பாசிமேல் ஊன்றுவது நான் செய்த தவறு. பஞ்சு மெத்தைபோல் அமுங்கிய பாசி, நீண்ட எக்ஸ்போஷர் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு நாள் படங்கள் முழுக்க மசமசப்பு. ட்ரைபாடின் கால்களை அழுத்தி அடியிலுள்ள மண்ணைத் தொடவிட்டு, பத்து நொடி காத்திருந்து எடுங்கள். ஃபிலிமில் எடுப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு, நீண்ட எக்ஸ்போஷரில் ஃபிலிமின் உணர்திறன் குறையும்: மீட்டர் 10 நொடி என்றால் இல்ஃபோர்ட் ஹெச்பி5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குச் சுமார் 20 நொடி தர வேண்டும்.

உயரம் வேண்டுமென்று பாசி படர்ந்த பாறைமேல் மட்டும் ஏறாதீர்கள். ஈரப்பாசி சோப்பைவிட வழுக்கும். ஒரு சறுக்கலில் தோலாக உரிந்து வந்துவிடும் பாசி மீண்டும் படரப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை உங்களுக்குப் பின்னால் வருகிறவர் எடுக்கும் ஒவ்வொரு படத்திலும் அந்தத் தழும்பு இருக்கும்.