முதல் கேமராவும் ஒரு ஜன்னலும்

புதுக் கேமரா வாங்கியதும் பலர் கேட்பது, "மேனுவல் மோடில்தானே எடுக்கணும்?" என்பதைத்தான். எல்லா அமைப்பையும் நாமே வைக்கும் முறை அது. முதல் மாதம் வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திருகினால், படம் எதனால் நன்றாக வந்தது, எதனால் கெட்டது என்று பிடிபடாது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அதற்கு ஒரு ஜன்னலும் ஒரு கோப்பையும் போதும்.

படி 1: தயார் செய்தல்

கேமராவின் மேலுள்ள மோடு டயலை 'ஏ' என்ற எழுத்துக்குத் திருப்புங்கள். கேனானில் அது 'ஏவி'. இனி லென்ஸின் துளை அளவை நீங்கள் சொல்வீர்கள், ஷட்டர் வேகத்தை, அதாவது வெளிச்சம் உள்ளே வரும் நேரத்தை, கேமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக்காட்டும் என்பதற்கான எண், 400-இல் இருக்கட்டும். ஃபோகஸ் புள்ளியை ஒன்றாகக் குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் எது தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதைக் கேமராவே முடிவு செய்துவிடும்.

படி 2: வெளிச்சம்

அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னல் ஓரமாகக் கோப்பையை வையுங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். அப்போதுதான் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலுமாகக் கோப்பையின் உருண்டை வடிவம் தெரியும். கேமராவிலுள்ள ஃபிளாஷ் நேர் எதிரே இருந்து அடிப்பதால் அந்த நிழலை அழித்து எல்லாவற்றையும் தட்டையாக்கிவிடும். பின்னாலுள்ள சுவர் ஆறடியாவது தள்ளி இருக்கட்டும்.

படி 3: துளை

இங்கே கொஞ்சம் நிதானமாக நில்லுங்கள். துளை அளவைக் குறிப்பது எஃப் எண். அது சிறிதானால் துளை பெரிது. தலைகீழாகத் தோன்றினாலும் கணக்கு எளிது: லென்ஸின் குவியத் தூரத்தை (லென்ஸின் மேல் மிமீ கணக்கில் எழுதியிருக்கும் எண்) துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதே அந்த எண். 50 மிமீ லென்ஸில் துளை 25 மிமீ திறந்திருந்தால் எஃப் 2.

கேமராவோடு வரும் 18-55 லென்ஸ் என்றால் 55-க்கு ஜூம் செய்யுங்கள். அங்கே கிடைக்கும் சிறிய எண் பெரும்பாலும் 5.6. கேமராவை ஒரு புத்தக அடுக்கின் மேல் வைத்து, 5.6, 8, 11, 16 என நான்கு படம் எடுங்கள். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் பாதியாகும், அதை ஈடுகட்ட ஷட்டர் இரு மடங்கு நேரம் திறந்திருக்கும். முதல் படம் 1/80 நொடி என்றால் கடைசிப் படம் 1/10. நான்கையும் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 5.6-இல் கரைந்து கிடந்த சுவர் 16-இல் எவ்வளவு தெளிகிறது என்பது அப்போது புரியும்.

அப்புறம், பின்னணி மங்கலாக விலை உயர்ந்த லென்ஸ்தான் வேண்டும் என்று நினைக்காதீர்கள். கோப்பைக்கு அருகில் போனாலே, சுவரிலிருந்து அதைத் தள்ளி வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

படி 4: ஷட்டர் வேகம்

திரையில் 60 என்று தெரிந்தால் 1/60 நொடி. 2 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இரட்டைக் கோடு இருந்தால் முழுசாக 2 நொடி. கையில் பிடித்து 55-இல் எடுக்கும்போது 1/60-க்குக் கீழே போகாதீர்கள், 1/100 இன்னும் பத்திரம். ஓடும் குழந்தைக்கு 1/500 வேண்டும். லென்ஸிலுள்ள அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், குழந்தையை நிறுத்தாது.

படி 5: ஐஎஸ்ஓ

வெயிலில் 100, வீட்டுக்குள் 400 முதல் 1600, இரவில் 3200. ஐஎஸ்ஓவை ஏற்றினால் படத்தில் புள்ளி விழும் என்று பயந்து, ஒரு மாலை முழுக்க 100-லேயே வைத்து என் பாட்டியைப் படமெடுத்தேன். ஷட்டர் மெதுவானதால் ஒன்றுவிடாமல் எல்லாம் ஆடிப்போயின. புள்ளி விழுந்திருந்தாலும் முகம் மிஞ்சியிருக்கும். அதனால் சொல்கிறேன், தயங்காமல் ஏற்றுங்கள்.

படி 6: கூட்டல் கழித்தல் பொத்தான்

காட்சி முழுவதும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்று நினைத்துத்தான் கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. அதனால் வெள்ளைத் துணி அழுக்காகத் தெரியும், கருப்புப் பூனை வெளுத்துப்போகும். துணிக்கு +1, பூனைக்கு -1 வைத்து மறுபடி எடுங்கள்.

சரி, நாளை அதே கோப்பையைக் காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் எடுங்கள். எதையும் கேமராவிலேயே அழிக்க வேண்டாம். அந்தச் சின்னத் திரையில் தெளிவாகத் தெரிவது கணினியில் மங்கலாக இருக்கும், மோசம் என்று நினைத்தது நன்றாக இருக்கும். இரண்டு இடங்களில் நகல் எடுத்த பிறகு மெமரி கார்டை ஃபார்மட் செய்யுங்கள்.