கிறிஸ்தவ வானொலி நிகழ்ச்சிக்கு முகப்பு இசை தேர்ந்தெடுப்பது எப்படி?

புது நிகழ்ச்சி தொடங்க நினைத்து என்னிடம் வருகிறவர்கள், தங்களுக்குப் பிடித்த பாட்டின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். அதைக் கொஞ்சம் ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, தொகுப்பாளரை மைக் முன்னால் உட்காரவைத்து, நிகழ்ச்சியில் அவர் பேசப்போகும் முதல் இரண்டு வாக்கியங்களைப் பதிவு செய்துகொள்வேன். "கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே" என்று நிதானமாக ஆரம்பிக்கிறவருக்குப் பொருந்தும் இசை வேறு, "வணக்கம் நண்பர்களே!" என்று துள்ளலாக நுழைகிறவருக்குப் பொருந்துவது வேறு. இசை தனியாகக் கேட்க எவ்வளவு இனிமையாக இருந்தாலும், குரல் நுழையும் அந்த இரண்டு மூன்று விநாடியில் இடறினால் அது முகப்பு இசைக்கு ஆகாது. அதனால் எந்த இசையைப் பரிசீலித்தாலும் இந்தப் பதிவோடு சேர்த்துத்தான் கேட்பேன்.

அடுத்து, கேட்பவர் எந்த நேரத்தில் எப்படி இருப்பார் என்று யோசியுங்கள். இரவு ஜெப நேரத்தைக் கேட்பவர்களில் தூக்கம் வராதவர், நோயாளி, பக்கத்தில் குழந்தையைத் தூங்கவைத்திருப்பவர் எல்லாரும் உண்டு. அங்கே டிரம்ஸ் வேண்டாம். காலை தியானத்துக்குச் சோகமான பியானோவும் வேண்டாம். இடி முழக்கம், எக்காளம், எதிரொலியோடு ஒரு கனத்த குரல் என்று தொடங்கும் முகப்புகள் எனக்கு ஒத்துவருவதில்லை. நியாயத்தீர்ப்பு நாள் வந்துவிட்டது போல அறிவித்துவிட்டு, உள்ளே பார்த்தால் குடும்ப ஆலோசனை நடந்துகொண்டிருக்கும்!

பாடல் வரிகள் உள்ள இசையைத் தவிர்ப்பது நல்லது. பாடுகிறவரும் பேசுகிறவரும் ஒரே நேரத்தில் கேட்டால் இரண்டுமே புரியாது. பாடகர் குழுவின் குரல் வேண்டுமென்றே ஆசைப்பட்டால், ஒரே ஒரு வரி பாடி முடித்து, அது அடங்கிய பிறகு தொகுப்பாளர் வரட்டும். வாத்தியத்திலும் இதே சிக்கல் உண்டு. பேச்சைத் தெளிவாக்கும் மெய்யெழுத்து ஒலிகள் ஏறத்தாழ 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் பலமாக நிற்கின்றன. வயலினின் மேல்ஸ்தாயி அங்கேயே வந்து மோதும். செல்லோ, கிட்டார், பியானோவின் கீழ்ப்பகுதி ஆகியவை குரலுக்கு இடம் விடும். வயலின்தான் வேண்டும் என்றால், குரலுக்கு அடியில் வரும் பகுதியில் மட்டும் ஈக்வலைசரில் (ஒலியின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவியில்) அந்த இடத்தை 3 டெசிபெல் அளவுக்குக் குறைத்துப் பாருங்கள்.

தெரிந்த ஞானப்பாட்டின் மெட்டை எடுப்பதா, புதிதாக ஒன்று செய்வதா? தெரிந்த மெட்டு உடனே காதில் ஒட்டும். ஆனால் அதற்குப் பழைய நினைவுகளும் உண்டு. 'என்னோடிரும் மா நேச கர்த்தரே' அருமையான மெட்டு. பலருக்கு அதைக் கேட்டதும் அடக்க ஆராதனைதான் ஞாபகம் வரும். கிறிஸ்துமஸ் மெட்டு ஜூலையில் ஒட்டாது. தவக்காலத்தில் அல்லேலூயா பாடாத சபைகள் இருப்பதால், அந்த வார்த்தையோடு ஊறிப்போன மெட்டு அந்த நாட்களில் உறுத்தும். இன்னொன்று, சில பாடல்களைக் கேட்டதுமே இது எந்தச் சபையின் நிகழ்ச்சி என்று சொல்லிவிடலாம். வத்திக்கான் வானொலி தன் அடையாள இசையாக 'கிறிஸ்துஸ் வின்சித்' (கிறிஸ்து வெல்கிறார்) என்ற லத்தீன் பாடலின் மெட்டை வைத்திருந்தது பொருத்தம்தான். தான் யார் என்று சொல்வதே அதற்குத் தேவை. எல்லாச் சபையாரும், சபைக்கே போகாதவர்களும் கேட்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்குப் புது மெட்டுதான் நல்லது.

இனி உரிமை விஷயம். இதில் சற்று நிதானமாக இருங்கள். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: பாட்டை எழுதி இசையமைத்தவருடையது ஒன்று, அதைப் பதிவு செய்தவருடையது இன்னொன்று. 'அமேசிங் கிரேஸ்' பாட்டின் வரிகள் 1779-இல் அச்சானவை, இன்று நாம் பாடும் மெட்டோடு அவை சேர்ந்தது 1835-இல். வரிக்கும் மெட்டுக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஆனால் போன வருடம் ஒரு குழு வாசித்து வெளியிட்ட ஆல்பத்திலிருந்து அதை எடுத்தால், அந்தப் பதிவு அவர்களுடைய சொத்து.

பழைய பாட்டு போல ஒலிப்பதெல்லாம் பழையதும் அல்ல. 'ஹவ் கிரேட் தௌ ஆர்ட்' பாட்டின் மூலம் கார்ல் போபெரி 1885-இல் எழுதிய சுவீடிஷ் கவிதை. நமக்குத் தெரிந்த ஆங்கில வரிகளை எழுதிய ஸ்டூவர்ட் ஹைன் இறந்தது 1989-இல். எழுதியவர் இறந்த பிறகு இந்தியச் சட்டப்படி 60 ஆண்டு, பல நாடுகளில் 70 ஆண்டு உரிமை நீடிக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வேதநாயகம் சாஸ்திரியார் 1864-இல் காலமானவர். அவருடைய கீர்த்தனையை உங்கள் ஆட்களே வாசித்தால் பிரச்சினை இல்லை.

நிலையத்திடம் ஒலிபரப்பு உரிமம் இருக்கிறது, அது போதும் என்று சிலர் நினைப்பார்கள். பெரும்பாலும் அந்த உரிமம் ஒலிபரப்போடு முடிந்துவிடும். அதே நிகழ்ச்சியைப் பாட்காஸ்ட்டாகவோ யூடியூபிலோ ஏற்றினால் தனி அனுமதி வேண்டும். 'ராயல்டி ஃப்ரீ' என்றால் இலவசம் என்று பொருள் அல்ல. ஒருமுறை கட்டணம் செலுத்தியபின் ஒவ்வொரு ஒலிபரப்புக்கும் தனியாகச் செலுத்த வேண்டியதில்லை, அவ்வளவுதான். கிரியேட்டிவ் காமன்ஸ் இசை, அதாவது படைத்தவரே சில நிபந்தனைகளோடு பொதுவில் பயன்படுத்த விட்ட இசை, எடுத்தால் நிபந்தனையை முழுசாகப் படியுங்கள். மாற்றம் செய்யக்கூடாது என்று போட்டிருந்தால் வெட்டி, குரலுக்கு அடியில் ஓட்டுவதற்கு அது ஆகாது. வணிகப் பயன்பாடு கூடாது என்றிருந்தால், விளம்பரம் போடும் நிலையத்தில் சிக்கல் வரும். உரிமத்தைப் பதிவிறக்கி, தேதியோடு ஒரு கோப்பில் வைத்துவிடுங்கள்.

என்னைக் கேட்டால், சபையிலேயே கீபோர்டு வாசிக்கிற ஒருவரை வைத்துப் புதிதாகச் செய்வதே மேல். வானொலி, இணையம், வெட்டி மாற்றும் உரிமை, எத்தனை காலத்துக்கு என்பதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். "நம்ம தம்பிதானே" என்று விட்டுவிட வேண்டாம். நாளைக்குத் தம்பி வேறு ஊருக்குப் போகலாம், வேறு சபைக்கும் போகலாம்.

ஒரே அமர்வில் நாலு வடிவம் வாசித்து வாங்குங்கள்: 20 விநாடி முகப்பு, மெட்டு இல்லாமல் ஸ்வரக்கூட்டு மட்டும் ஓடும் ஒரு நிமிடப் பின்னணி, பகுதிகளுக்கு நடுவே போட 4 விநாடித் துணுக்கு, 45 விநாடி முடிவிசை. முகப்பில் ஏழெட்டு விநாடிக்குள் மெட்டு தன்னைச் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு இசை 15 டெசிபெல் போலத் தணிந்து, குரல் உள்ளே வரட்டும். முடிவிசைக்குத் தெளிவான கடைசி ஸ்வரம் வேண்டும். ஃபேட் செய்து, அதாவது சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்து முடிவதை நான் எடுப்பதில்லை. நேரம் முடிவதற்குச் சரியாக 45 விநாடிக்கு முன்னால் சத்தமில்லாமல் ஓடவிட்டு, பேச்சு முடிந்ததும் ஒலியை உயர்த்தினால், கடைசி ஸ்வரம் மிகச் சரியாக வந்து நிற்கும்.

நல்ல ஸ்பீக்கரில் கேட்டு முடிவெடுக்காதீர்கள். மோனோவாக (இடம், வலம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து) மாற்றிக் கேளுங்கள்; ஸ்டீரியோவில் அகலமாக விரிந்த சில சிந்தசைசர் ஒலிகள் மோனோவில் கரைந்து காணாமல் போகும். கைபேசியின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் கேட்காது. மத்திய அலை, சிற்றலை ஒலிபரப்பு என்றால் 4,500 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதை வடிகட்டிவிட்டுக் கேளுங்கள். மணி, சிம்பல் போன்றவற்றின் மினுமினுப்பு போய்விடும். அதற்குப் பிறகும் மெட்டு அடையாளம் தெரிகிறதா என்பதுதான் கேள்வி.

கடைசியாக, தேர்ந்தெடுத்ததைத் தொகுப்பாளரின் பதிவோடு கலந்து, நிகழ்ச்சிக்குச் சம்பந்தமில்லாத சிலருக்கு ஒரு வாரம் தினமும் போட்டுக் காட்டுங்கள். முதல் நாள் "ஆஹா" என்றவர் ஐந்தாம் நாள் முகம் சுளித்தால் அந்த இசையை விட்டுவிடுங்கள். நான் சேர்க்கும் அலங்காரங்களில் பாதி இந்தக் கட்டத்தில்தான் கழியும். காற்றில் போன பிறகு ஒரு வருடமாவது மாற்றாதீர்கள். பாடுகளின் வாரத்துக்கு வேண்டுமானால் அதே மெட்டை ஒற்றை வாத்தியத்தில், மெதுவாக வாசித்த வடிவம் ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளலாம்.