வழுத்திருத்தக் கமிட்டுகளை எண்ணுவதற்கு முன் அளவுகோலைச் சோதிப்பது எப்படி

மென்பொருளின் தரத்தை ஆராய்பவர்கள் பெரும்பாலும் தரத்தை நேரடியாக அளப்பதில்லை. நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்யும் கிட் என்ற கருவியின் வரலாற்றில், வழுவை (நிரலில் உள்ள பிழையை) திருத்திய கமிட்டுகள், அதாவது பதிவு செய்யப்பட்ட மாற்றங்கள், எத்தனை என்று எண்ணி, அந்த எண்ணிக்கையையே அளவாகக் கொள்கிறார்கள். இலட்சக்கணக்கான கமிட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்க ஆள் கிடையாது என்பதால், கமிட்டோடு எழுதப்பட்ட குறிப்பில் 'பக்', 'ஃபிக்ஸ்', 'எரர்' போன்ற சொற்கள் இருந்தால் அது வழுத்திருத்தம் என்று ஒரு சிறு நிரல் முடிவு செய்துவிடுகிறது. உங்கள் ஆய்வின் உண்மையான அளவுகோல் அந்த நிரல்தான். அதைச் சோதிக்கும் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தரவைக் கண்ணால் பாருங்கள். 2014-இல் 729 கிட்ஹப் திட்டங்களையும் 17 நிரல்மொழிகளையும் கொண்டு, மொழிக்கும் வழுக்களுக்கும் தொடர்பு உண்டு என்று ஓர் ஆய்வு வெளியானது. எமரி பெர்கர், யான் விட்டெக் முதலியோர் அதை மறுபடி செய்து 2019-இல் வெளியிட்டபோது, டைப்ஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டவை என்று எண்ணப்பட்ட கோப்புகளில் பல, அதே '.ts' என்ற பின்னொட்டைக் கொண்ட மொழிபெயர்ப்புக் கோப்புகள் என்று கண்டார்கள். அவை நிரலே அல்ல. முதல் ஆய்வில் புள்ளியியல் ரீதியாகத் தொடர்புடையவை என்று சொல்லப்பட்ட 11 மொழிகளில், மறு ஆய்வுக்குப் பின் 4 மட்டுமே நின்றன. டைப்ஸ்கிரிப்ட் வெளியானது 2012 அக்டோபரில்; ஒரு மொழியின் முதல் கமிட் அந்த மொழி பிறப்பதற்கு முந்தைய தேதியில் இருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு வரிசைப்படுத்தல் போதும். அதுபோலவே, 'ஃபிக்ஸ்' என்று தேடும்போது 'பிரிஃபிக்ஸ்', 'இன்ஃபிக்ஸ்' ஆகியவையும் வலையில் விழும். முழுச்சொல்லாகத் தேடுங்கள்.

அடுத்து, வழுத்திருத்தம் என்றால் என்ன என்பதை, தரவைத் தொடுவதற்கு முன்பே எழுதிவையுங்கள். ஆவணத்தில் எழுத்துப்பிழையைத் திருத்தியது சேருமா? சோதனைக் கோப்பை மட்டும் மாற்றியது? கம்பைலரின் எச்சரிக்கையை அடக்கியது? இவற்றைத் தீர்மானிக்காமல் இறங்கினால், காலையில் ஒரு விதியும் மாலையில் வேறொரு விதியுமாகக் குறிப்பீர்கள். என் முதல் ஆய்வில் நான் அப்படித்தான் குறித்தேன், 2 வார உழைப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டியிருந்தது. பயனர்கள் அனுப்பும் அறிக்கைகளில் திட்டத்தார் ஒட்டிய 'வழு' என்ற முத்திரையையும் அப்படியே நம்ப வேண்டாம். ஹெர்சிக், யூஸ்ட், செல்லர் ஆகியோர் 5 திறந்த மூல ஜாவா திட்டங்களின் 7,000-க்கும் மேற்பட்ட அறிக்கைகளைக் கையால் படித்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், வழு என்று குறிக்கப்பட்டவற்றில் 33.8% வழுவே அல்ல. வசதிக் கோரிக்கை, ஆவண மாற்றம், சீரமைப்பு எல்லாம் அந்தப் பெயரில் கிடந்தன.

இப்போது நிரல் 'ஆம்' என்றவற்றில் 100, 'இல்லை' என்றவற்றில் 100 என்று குலுக்கல் முறையில் எடுங்கள். நிரலின் தீர்ப்பு, நிரல்மொழி, திட்டத்தின் பெயர் மூன்றையும் மறைத்து, ஒவ்வொன்றும் வழுத்திருத்தமா இல்லையா என்று இருவர் தனித்தனியே குறிக்க வேண்டும். மாற்றப்பட்ட வரிகளைக் காட்டினால் மொழி தெரிந்துவிடும் என்பது உண்மைதான்; ஆகவே முதலில் குறிப்பையும் வழு அறிக்கையையும் மட்டும் காட்டிவிட்டு, முடிவு செய்ய இயலாதபோது மட்டும் வரிகளைத் திறக்கலாம். எதைத் திறந்தோம் என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

குறித்து முடித்தவுடன், இருவரும் பேசிக்கொள்வதற்கு முன்பே உடன்பாட்டைக் கணக்கிடுங்கள். இருவரும் 'ஆம்' என்றவை 70, இருவரும் 'இல்லை' என்றவை 90, முதலாமவர் மட்டும் 'ஆம்' என்றவை 25, இரண்டாமவர் மட்டும் 15 என்று வைத்துக்கொள்வோம். உடன்பாடு 160/200, அதாவது 0.80. ஆனால் முதலாமவர் 95 முறையும் இரண்டாமவர் 85 முறையும் 'ஆம்' என்றதால், குருட்டாம்போக்கில் குறித்திருந்தாலும் 0.504 அளவுக்கு ஒத்துப்போயிருப்பார்கள். ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த கப்பா என்பது, இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டு மிஞ்சியதை அளப்பது: 0.296-ஐ 0.496-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.60. 80% என்று எழுதியிருந்தால் வாசகர் நிம்மதியடைந்திருப்பார், 0.60 என்பது விதிகளைத் திருத்தச் சொல்கிறது. 'ஆம்' மிக அரிதாக வரும் தரவில் வேறுபாடு இன்னும் கூடும்: அந்த நான்கு எண்களும் அதே வரிசையில் 4, 180, 10, 6 என்று அமைந்தால் உடன்பாடு 92%, கப்பா 0.29 மட்டுமே. ஆகவே கப்பாவை மட்டும் தராமல் அந்த நான்கு எண்களையும் கட்டுரையில் தாருங்கள். விதியைத் திருத்தினால் புதிய மாதிரியில்தான் மறுபடி சோதிக்க வேண்டும். பழைய 200-இலேயே சோதித்தால், பேசித் தீர்த்ததையே உடன்பாடு என்று எண்ணிக்கொள்வோம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதற்கு அடுத்த படி. பலரும் இங்கே வராமலே நின்றுவிடுகிறார்கள். நிரல் எவ்வளவு தவறுகிறது என்பதோடு, எந்தக் குழுவின் (எடுத்துக்காட்டாக, எந்த நிரல்மொழியின்) கமிட்டுகளில் அதிகம் தவறுகிறது என்றும் பார்க்க வேண்டும். எல்லா மொழியிலும் ஒரே விகிதத்தில் தவறினால் வேறுபாடு பெரும்பாலும் மங்கலாகும். ஒரு மொழியின் சமூகம் மட்டும் 'ஃபிக்ஸ்' என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தினால், இல்லாத வேறுபாடு தோன்றிவிடும். பேர்டும் மற்றவர்களும் 2009-இல் காட்டியதும் இதையே: கமிட்டோடு இணைக்கப்பட்ட வழுக்கள் எல்லா வழுக்களுக்கும் மாதிரியாக அமையவில்லை, வழுவின் தீவிரத்தையும் அதை முடித்தவரின் அனுபவத்தையும் பொறுத்து இணைப்பு மாறியது. ஆகவே ஒப்பிடும் ஒவ்வொரு குழுவுக்கும் தனி மாதிரி எடுங்கள். ஒரு குழுவுக்கு 100 கமிட் என்றால் பிழை எல்லை ஏறத்தாழ 10 புள்ளிகள் இருபுறமும் வரும். அதைவிடச் சிறிய வேறுபாட்டை நிறுவ விரும்பினால் மாதிரியைப் பெரிதாக்கியே ஆக வேண்டும். 'ஆம்', 'இல்லை' இரண்டிலும் சம எண்ணிக்கையில் எடுத்திருப்பதால், மொத்தத் தவறு விகிதத்தைக் கணக்கிடும்போது அவற்றின் உண்மை விகிதத்தால் எடையிடவும் மறக்க வேண்டாம்.

கடைசியாக, குறித்த தாள்களை, கருத்து மாறுபட்ட வரிகளோடும் ஒவ்வொன்றுக்கும் எட்டிய முடிவோடும், தரவுத்தொகுப்புடன் சேர்த்தே வெளியிடுங்கள்.