கொடைக்கானல் ஏரிப் பாய்மரப் படகுக்கு மெயின்ஷீட் கிளீட் பொருத்துவது எப்படி?

பாயின் அடியிலுள்ள பூம் கட்டையை இழுக்கவும் தளர்த்தவும் உள்ள கயிறுதான் மெயின்ஷீட். கடற்கரைப் பக்கம் தாமான் என்பார்கள். கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தால் கொஞ்ச நேரத்தில் உள்ளங்கை எரியும். அதனால்தான் கயிற்றைக் கவ்விக்கொள்ள ஒரு கிளீட். ஆனால் கவ்வுவது பெரிய காரியமில்லை, எந்தக் கிளீட்டும் கவ்வும். காற்று அறையும்போது சட்டென்று விடுகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் ஏரிக்கு இது ரொம்ப முக்கியம். 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் என்பவர் ஓடைகளை மறித்து உண்டாக்கிய ஏரி இது. பள்ளங்களில் தண்ணீர் ஏறி நிற்பதால் நட்சத்திரம் மாதிரி கிளை கிளையாகப் போகும். ஒரு கிளையில் இலைகூட அசையாது; முனை திரும்பினால் சரிவிலிருந்து காற்று இறங்கி அடிக்கும். என் முதல் படகில் இடம் பார்க்காமல் கிளீட்டை முடுக்கியிருந்தேன். அப்படி ஒரு அடியில் கயிற்றை எடுக்க வரவில்லை, கவிழ்ந்தேன். அந்தக் குளிரில் மூச்சே நின்றுவிடும் போலிருந்தது.

சரி, வேலைக்கு வருவோம். இரண்டு பல் சக்கரங்களும் ஸ்பிரிங்கும் உள்ள கேம் கிளீட் வாங்குங்கள். கயிற்றின் தடிமனுக்கு ஏற்ற அளவு கேளுங்கள். பூம் பக்கம் இழுபட்டால் பற்கள் மூட வேண்டும். உங்கள் பக்கம் இழுத்தால் திறக்க வேண்டும். மேலே ஒரு வளையம் இருந்தால், விடுவித்த கயிறு அங்குமிங்கும் ஓடாது.

உடனே துளை போட்டுவிடாதீர்கள். ஒரு பலகைத் துண்டில் கிளீட்டைத் திருகி, பலகையைக் கிளாம்ப் போட்டுப் படகில் பிடியுங்கள். கப்பியிலிருந்து வரும் கயிறு வளையாமல் நேராகப் பற்களுக்குள் போக வேண்டும். பிறகு கரையிலேயே படகில் உட்கார்ந்து, ஒருவரைப் பூமை மெல்லத் தள்ளச் சொல்லுங்கள். கயிற்றைக் கீழே அழுத்தினால் மாட்ட வேண்டும். சற்றே இழுத்து மேலே தூக்கினால் வெளியே வந்துவிட வேண்டும். இதை இரண்டு பக்கத்திலிருந்தும் செய்யுங்கள். உடம்பை வெளியே சாய்த்தும் செய்து பாருங்கள், ஏனென்றால் அப்போது கை தாழ்ந்துவிடும், கயிறு மேலே வராது. கிளீட் உயரமாக இருந்தாலும் இதே கதிதான். ரொம்பத் தாழ்வாக இருந்தால் கயிறு மாட்டாமல் நழுவும். அடியில் மெல்லிய மர ஆப்பு வைத்துச் சாய்வை மாற்றிக்கொண்டே இருங்கள். அரை நாள் போனாலும் பரவாயில்லை.

இடம் அமைந்ததும் மற்றதெல்லாம் சுலபம். துளை போடும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் ஃபைபரின் மேல்பூச்சு பெயராது. வெறும் ஸ்க்ரூ ஒரு நாள் பிடுங்கிக்கொள்ளும், துருப்பிடிக்காத எஸ்.எஸ். போல்ட் போட்டு, அடியில் மரைன் பிளைவுட் துண்டும் அகல வாஷரும் வைத்து, நைலான் உள்ள நட்டால் முடுக்குங்கள். துளையைச் சுற்றிச் சீலன்ட் தடவ மறக்காதீர்கள். கயிற்றின் கடைசியில் '8' வடிவ முடிச்சு ஒன்று.

அப்புறம், ஒவ்வொரு முறை கரையேறியதும் பற்களை விரலால் தடவிப் பாருங்கள். ஒரே ஒரு பைன் ஊசி இடையில் சிக்கினாலும் கயிறு நழுவும். முதல் சில நாள் கிளீட்டில் மாட்டாமல் கையிலேயே பிடித்து ஓட்டுங்கள். மாட்டிய பிறகும் கயிற்றைக் கையிலிருந்து விட வேண்டாம்.